வேகனுக்கு ஒரு பின்கண்ணாடி

பல் டாக்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பேச ஆரம்பித்தால் எதிராளியின் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். நாள் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடப்பவர்களிடம் பேசிப் பேசி வந்த பழக்கம். "இப்ப வர்ற காருங்களைப் பாருங்க" என்று தொடங்குவார். நாற்காலியில் கிடப்பவர் "ஆ... ஆ..." என்பார். சரிதான், இவரும் நம்ம கட்சி என்று எடுத்துக்கொண்டு டாக்டர் மேலே போவார்.

அவரிடம் கரும்பச்சை நிறத்தில் ஒரு பழைய வேகன் இருந்தது. முன்பாதி சாதாரணக் கார். பின்பாதியில் கூரை சரியாமல் அப்படியே நீண்டு, ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு டிக்கி. டாக்டரின் மனைவி படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தாள். "வெளியிலயும் சட்டம் போடறது அவதான், வீட்டுலயும் சட்டம் போடறது அவதான்" என்று டாக்டர் சொல்லுவார். பெரிய நிலைக்கண்ணாடிகளையும் சட்டங்களையும் படுக்கை வாட்டில் ஏற்றிப் போக வேண்டும் என்றுதான் அந்த வேகனை வாங்கினார்கள். வாங்கியது அவளுக்காக. மனதைப் பறிகொடுத்தவர் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பூட்டிக் கிடக்கும் டைல்ஸ் கடையின் முன்னால் இருந்த அகலமான சிமெண்டுத் தரையில் மூன்று பேர் கூடுவார்கள். டாக்டர் ஒருவர். இரண்டாமவர் பேக்கரிக்காரர். மூன்றாவது டீச்சர், கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பேக்கரிக்காரர் சூடு ஆறாத பன்னும் பிளாஸ்கில் டீயும் கொண்டுவருவார். கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு, அவற்றுக்கு முன்னால் நின்றுகொண்டு, வெயில் ஏறும்வரை சண்டை போடுவார்கள். வேறு வேலை எதுவும் கிடையாது.

பேக்கரிக்காரர் வைத்திருந்தது சந்தையிலேயே சின்னதான, சிக்கனமான கார். மற்ற இருவரும் அதை எறும்பு என்பார்கள். அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். "வேலை முடிஞ்சதும் நம்மளைக் கொண்டுபோய் வீட்டுல சேர்க்கணும். பெட்ரோல் போடறவன் நம்ம மூஞ்சியை மறந்துடணும். அதுக்கு மேல ஒரு காருக்கு என்ன லட்சணம் வேணும்?" என்பார். "நான் இதை முழு மிதி மிதிச்சாலும் போலீஸ்காரர் கொட்டாவிதான் விடுவார். நிம்மதி, டாக்டர்."

டீச்சருடையது இரண்டே கதவு கொண்ட சிவப்புக் கார். அதில் டீச்சரும் அவருடைய கைப்பையும் போகலாம். "பின் சீட்டு எதுக்கு? நாப்பது பேரு நாப்பது பேரா கட்டி மேய்ச்சாச்சு. இனிமே யாரையும் ஏத்தக் கூடாதுன்னுதான் இதை வாங்கினேன்" என்பார். வேகனைப் பற்றிக் கேட்டால், "முன்னால போற பாதி எங்க போகுதுன்னு பின்னால வர்ற பாதிக்குத் தெரியாது" என்று ஒரே போடாகப் போடுவார்.

இப்படி ஆளுக்கொரு திசையில் இழுக்கிறவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்று சேர்வார்கள். அது கிராஸ்ஓவர். கார் மாதிரி உடம்பு, ஜீப் மாதிரி உயரம் என்று இப்போது தெருவெல்லாம் திரிகிறதே, அந்த இனம். அதைத் திட்டுவதில் டாக்டரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

"சின்னக் காருக்குக் குதிகால் செருப்பு மாட்டிவிட்டா அது ஜீப் ஆயிடுமா? மூஞ்சியைப் பாருங்க, இப்பத்தான் மலையேறி இறங்கின மாதிரி. போறது என்னமோ காய்கறிக் கடைக்கு. நான் செத்தாக்கூட என்னை வேகன்லதான் ஏத்தணும். கிராஸ்ஓவர்ல ஏத்தினீங்கன்னா எந்திரிச்சு நடந்தே போயிடுவேன், பார்த்துக்கங்க!"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மனைவிக்கு இடுப்பு வலி வந்தது. முதலில் தைலம், பிறகு மாத்திரை, கடைசியில் அறுவை சிகிச்சை என்று அது வளர்ந்தது. இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு வேறு மூட்டு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அறுவை செய்த மருத்துவர் ஒன்றை அழுத்திச் சொன்னார்: உட்காரும்போது முழங்கால் இடுப்புக்கு மேலே போகக் கூடாது. தாழ்வான நாற்காலி வேண்டாம், தாழ்வான சோபா வேண்டாம். தாழ்வான கார் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மருத்துவமனை வாசலில் வேகனின் கதவைத் திறந்து பிடித்தபோது டாக்டருக்கே அது விளங்கிவிட்டது. அவள் ஒரு கையால் கதவையும் மறு கையால் அவர் தோளையும் பிடித்துக்கொண்டு, கிணற்றில் இறங்குகிறவளைப் போல மெதுவாக இறங்கினாள். வலி எவ்வளவு என்று தோளைப் பிடித்த விரல்கள் சொல்லிவிட்டன.

டாக்டர் அன்று வழியெல்லாம் பேசவில்லை. அவர் பேசாமல் வண்டி ஓட்டியது அதுதான் முதல் தடவை.

அந்த மாதமே ஒரு கிராஸ்ஓவர் வீட்டுக்கு வந்தது. பழுத்த தக்காளி நிறம். இரண்டு கார் நிறுத்த வாசலில் இடம் இல்லாததால் வேகனை விற்க வேண்டியதாயிற்று. விசாரித்து வந்தவள் ஊருக்கு வெளியே நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் ஒரு பெண். வேகனின் பின்கண்ணாடியில் மூலைக்கு மூலை ஒரு விரிசல் ஓடியிருந்தது. முன்பு ஒரு நிலைக்கண்ணாடியை ஏற்றும்போது சட்டத்தின் முனை இடித்து வந்த விரிசல். அந்தக் கண்ணாடியைச் செய்வதையே கம்பெனி நிறுத்திவிட்டது. டாக்டர் அதை மறைக்காமல் காட்டினார். "பரவாயில்லைண்ணா, நாய்ங்க கேக்காது" என்று சொல்லிவிட்டு அவள் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு வந்தது. டாக்டர் தக்காளிக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். டைல்ஸ் கடைக்கு முந்தின திருப்பம் வரை தைரியமாகத்தான் போனார். திருப்பத்தில் கை தானாக வேறு பக்கம் திருப்பியது. சலவைக் கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் காரை ஒளித்துவிட்டு, நடந்து போனார்.

"எங்க டாக்டர், பச்சை யானை?" என்றார் டீச்சர்.

"பின்கண்ணாடில ஒரு விரிசல் இருந்துச்சே, அது மொத்தமா உடைஞ்சு போச்சு டீச்சர். ஒர்க் ஷாப்ல விட்டிருக்கேன். கண்ணாடி கிடைக்கிற வரைக்கும் ரோட்டுக்கு எடுக்க முடியாது."

பொய்தான். ஆனால் விரிசல் நிஜம், கண்ணாடி கிடைக்காததும் நிஜம். இரண்டு நிஜக் கால்களில் நின்றதால் பொய் தள்ளாடாமல் நின்றது. அதற்கு அடுத்த ஞாயிறும் சலவைக் கடைச் சந்து. அதற்கடுத்த ஞாயிறும் அதே. நடந்து வந்து மூச்சு வாங்க நின்றுகொண்டு, முன்னைவிடப் பலமாக கிராஸ்ஓவர்களைத் திட்டினார். அவர் நடந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் பேக்கரிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. பெரிய பன்னாகப் பார்த்து எடுத்துக்கொடுத்தார்.

பேக்கரிக்காரர் அதிகம் பேசாதவர். பேசாதவர்கள் செய்துவிடுவார்கள். டாக்டர் கிளம்பிப் போன ஒரு காலையில் அவர் டீச்சரிடம் சொன்னார்: "கார் இல்லாம மனுஷர் வத்திப் போயிட்டாரு டீச்சர். எங்கயாவது பழைய வண்டி உடைக்கிற இடத்துல அந்தக் கண்ணாடி இருக்காதா?"

"தேடினா இருக்கும். அந்த இடங்களோட போன் நம்பர் மட்டும் குடு, மீதியை நான் பார்த்துக்கறேன்" என்றார் டீச்சர்.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் டீச்சர் போன் போட்டார். இல்லை என்று ஒருவன் சொன்னால், "சரியாப் பார்த்துட்டுச் சொல்றியா, பார்க்காமச் சொல்றியா?" என்று வகுப்பறைக் குரலில் கேட்பார். எதிர்முனையில் இருப்பவன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவான். அப்படிப் பார்க்கப் போன ஒருவன், வேறொரு ஊரில், "இருக்குங்க மேடம். கீறல்கூட இல்லை" என்றான்.

பேக்கரிக்காரர் வாரத்தில் தனக்கென்று வைத்திருந்த ஒரே ஒரு ஓய்வு நாளில் எறும்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். டீச்சரும் கூடப் போனார். சிவப்புக் காரில் கண்ணாடி என்ன, கண்ணாடியின் நிழலைக்கூட ஏற்ற முடியாது.

அந்தக் கண்ணாடியை நேரில் பார்த்ததும் இருவருக்கும் திக்கென்றது. வேகனில் இருக்கும்போது தெரியவில்லை. கழற்றி வைத்தால் ஒரு கட்டில் அகலத்துக்கு இருந்தது. ஓரங்களில் வளைவு வேறு. எறும்பின் பின் சீட்டை மடக்கி, காலி மாவு மூட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் இரண்டு கம்பளியைப் போட்டு, குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்த்து, கடைசியில் ஓரச் சாய்வாக அது உள்ளே போனது. மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தில் டீச்சர் உட்கார்ந்து, கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல் கண்ணாடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"பின் சீட்டுல யாரையும் ஏத்த மாட்டேன்னீங்க. இப்ப நீங்களே பின் சீட்டுல" என்றார் பேக்கரிக்காரர்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டு. பள்ளம், பள்ளம்!"

"பார்த்துட்டேன் டீச்சர்."

"பார்த்துட்டுத்தான் விட்டியா?"

வழி நெடுக ஆமை வேகம். பின்னால் வண்டிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. தாண்டிப் போகிறவர்கள் ஜன்னலை இறக்கித் திட்டிவிட்டுப் போனார்கள். பேக்கரிக்காரர் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டிக் கும்பிடாத குறையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். டீச்சருக்குக் கால் மரத்துப்போனது. ஆனாலும், அந்தச் சின்ன எஞ்சின் முனகாமல் ஏற்றங்களில் ஏறுவதைக் கவனித்துவிட்டு, "பரவாயில்லை, எறும்பு தன் எடைக்கு மேல தூக்கும்னு படிச்சுத்தான் இருக்கேன்" என்றார். பேக்கரிக்காரரின் காது மடல் சிவந்தது. அவருடைய காரை யாரும் புகழ்ந்து அவர் கேட்டதில்லை.

வெயில் தாழும் நேரத்தில் டாக்டர் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தார்கள். சொல்லாமல் போய் அசத்த வேண்டும் என்பது ஏற்பாடு. வாசலில் ஒரு தக்காளி நிற கிராஸ்ஓவர் நின்றிருந்தது.

"யாரோ விருந்தாளி வந்திருக்காங்க போல" என்றார் பேக்கரிக்காரர்.

"ரசனை கெட்ட விருந்தாளி" என்றார் டீச்சர்.

அப்போது காருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை எழுந்தது. டாக்டர். பேண்டை முழங்கால் வரை மடித்து விட்டிருந்தார். ஒரு கையில் வாளி, மறு கையில் மெத்தென்ற துணி. வாய் ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. குழந்தைக்குக் காது துடைப்பதுபோல் அந்தக் காரின் கண்ணாடி விளிம்பை விரல் நுனியால் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தவர், தெருவில் நின்ற எறும்பைப் பார்த்தார். மெட்டு நின்றது.

"அட, வாங்க... வாங்க..." என்றவர் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஒரு முழுக் காரை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

பேக்கரிக்காரர் இறங்கி, சிரித்த முகத்தோடு எறும்பின் பின்கதவைத் திறந்து காட்டினார். "டாக்டர், கிடைச்சிருச்சு! உங்க கண்ணாடி! ஒர்க் ஷாப்புக்கு இப்பவே கொண்டுபோயிடலாமா?"

டாக்டர் கண்ணாடியைப் பார்த்தார். மாவு மூட்டைகளைப் பார்த்தார். கண்ணாடியை அணைத்தபடி மடங்கிக் கிடந்த டீச்சரைப் பார்த்தார். அவருடைய நாற்காலியில் கிடக்கும் நோயாளியைப் போல "ஆ... ஆ..." என்றார்.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு மனைவி வாசலுக்கு வந்தாள். "அடடே, டீச்சரா? என்ன இப்படி மூட்டைக்கு நடுவுல... உள்ள வாங்க. எந்த ஒர்க் ஷாப்பு? என்ன கண்ணாடி?"

"வேகனுக்குத்தான் அக்கா. உடைஞ்சு போச்சுன்னு டாக்டர் சொன்னாரே" என்றார் பேக்கரிக்காரர்.

"வேகனா? அதை வித்து எவ்வளவு நாளாச்சு! இதோ, இந்தக் காரு வந்த அன்னிக்கே அது போயிடுச்சே."

வாளியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. டீச்சர் மெதுவாகக் கண்ணாடியைக் கம்பளியில் சாய்த்துவிட்டு, மரத்த காலைத் தரையில் ஊன்றி இறங்கினார். "அப்ப ஞாயித்துக்கிழமையெல்லாம் நடந்து வந்தது?"

"சலவைக் கடை வரைக்கும் இதுல வந்தேன்" என்றார் டாக்டர், வெகு சின்னக் குரலில்.

மனைவிக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அவள் முகம் மாறியது. "என் இடுப்புக்காக வாங்கின காரைச் சந்துல ஒளிச்சு வெச்சீங்களா? நான் உங்களுக்கு அவ்வளவு அவமானமாப் போயிட்டேனா?"

"ஐயோ, அது இல்லம்மா!"

"பின்ன எது? பொண்டாட்டிக்கு முடியலை, அதான் வாங்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவங்க என்ன கடிச்சா தின்னுடப் போறாங்க?"

டாக்டர் வாளியைக் கீழே வைத்தார். துணியைப் பிழிந்தார். பிழிந்த துணியை மறுபடியும் பிழிந்தார்.

"அப்படிச் சொல்லலாம்னுதான் மொதல் ஞாயித்துக்கிழமை கிளம்பினேன். உனக்காக வாங்கினேன், மத்தபடி எனக்கு இது ஆகவே ஆகாதுன்னு சொல்லலாம்னு. ஆனா அது பொய்யா இருந்திருக்கும்." அவர் யாரையும் பார்க்காமல் காரின் சக்கரத்தைப் பார்த்துப் பேசினார். "எனக்கே இது பிடிச்சுப் போச்சு. போதுமா? நாள் முழுக்கக் குனிஞ்சு குனிஞ்சு என் முதுகும் போயிருக்கு. இதுல ஏறுறப்ப வலிக்கலை. நாலு வண்டிக்கு முன்னால என்ன நடக்குதுன்னு தெரியுது. மழையில நின்னா டிக்கிக் கதவு குடை பிடிக்குது. நான் இத்தனை வருஷமா இதைத் திட்டின திட்டுக்கு, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இது நல்லா இருக்குன்னு சொல்றது?"

டீச்சர்தான் முதலில் சிரித்தார். கைப்பை குலுங்கச் சிரித்தார். "பிடிச்சுப் போச்சாம்! கேட்டியாம்மா, மனுஷனுக்குக் கள்ளக் காதல்!"

மனைவிக்கும் உதடு துடித்தது. சிரிக்கக் கூடாது என்று வீம்பாக நின்று பார்த்தாள், முடியவில்லை. "நேத்துகூட இதுக்குத் தனியா ஷாம்பு வாங்கிட்டு வந்தாரு டீச்சர். எனக்கு வாங்கினதில்லை" என்றாள்.

பேக்கரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எறும்பின் பின்கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் ஈரக் கையோடு அவர் ஜன்னலுக்குப் போனார்.

"திட்டிடுங்க. நாலு வார்த்தை நல்லாத் திட்டிடுங்க."

"நீங்க எந்தக் காரை வாங்கினா எனக்கு என்ன டாக்டர்." பேக்கரிக்காரர் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னார். "கிராஸ்ஓவர் வாங்கினா நான் சிரிச்சிருப்பேன், நீங்களும் சிரிச்சிருப்பீங்க, முடிஞ்சிருக்கும். வேகனை வித்தீங்களே, அதைச் சொல்லியிருக்கலாம். என் பேக்கரி அடுப்பு எரிஞ்சு போனப்ப ஊரு விட்டு ஊரு அதுலதான் ரொட்டி கொண்டுவந்து கடையை ஓட்டினேன். விடியறதுக்கு முன்னால நீங்களே ஓட்டிட்டு வருவீங்க. கடைசியா ஒரு தடவை நான் ஓட்டிப் பார்த்திருப்பேன்ல?"

டாக்டரிடம் பதில் இருந்தது, ஆனால் முதல் தடவையாக எதிராளி பேசி முடிக்கட்டும் என்று காத்து நின்றார். பேக்கரிக்காரர் அதற்கு மேல் பேசவில்லை. "தப்புதான்" என்றார் டாக்டர். "பெரிய தப்பு."

"இப்ப அது யாருகிட்ட இருக்கு?"

"ஊருக்கு வெளியில. நாய் குளிப்பாட்டற பொண்ணுகிட்ட."

"விரிசல் அப்படியேதானே இருக்கும்?"

"இருக்கும்."

பேக்கரிக்காரர் சாவியைத் திருகினார். "அப்ப வாங்க. ராத்திரிக்குள்ள மாட்டிடலாம்."

எறும்பு முன்னால் கண்ணாடியோடு ஊர்ந்தது. பின்னால் கிராஸ்ஓவர். டாக்டர் ஓட்ட, பக்கத்தில் மனைவி, பின் சீட்டில் டீச்சர். ஏறும்போதே டீச்சர், "நான் இதுல ஏறினது வெளியில தெரியக் கூடாது" என்று நிபந்தனை போட்டார். கொஞ்ச தூரம் காலை நீட்டி உட்கார்ந்து வந்த பிறகு, "இடம் இருக்கத்தான் செய்யுது" என்றார். இன்னும் கொஞ்ச தூரத்தில், முன்னால் போகும் எறும்பின் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கேருந்து பேக்கரிக்காரரோட வழுக்கை தெளிவாத் தெரியுது. உயரத்துல ஒரு சௌகரியம் இருக்கத்தான் இருக்கு" என்றார்.

"டீச்சர், நீங்களும் கவுந்துடாதீங்க" என்றாள் மனைவி.

"நானா? இது வளைவுல திரும்பறப்பப் பார்த்தியா, கப்பல் மாதிரி சாயுது. என் காரு தரையைக் கவ்விக்கிட்டுத் திரும்பும்."

"உங்க காருல என்னை ஏத்தறதுக்கு முன்னால இன்னொரு மூட்டு மாத்தணும்."

நாய் குளிப்பாட்டும் இடம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே வரிசையாகத் தொட்டிகள், வெளியே கம்பி வேலி, வேலி முழுக்க உலரும் துண்டுகள். அதன் ஓரத்தில் வேகன் நின்றது. பின்கண்ணாடியில் விரிசல் நெடுக அகலமான டேப் ஒட்டியிருந்தது. இருக்கைகளில் முடி. ஜன்னல்களில் மூக்கு ஒற்றிய தடங்கள். டாக்டர் ஞாயிறுதோறும் மெழுகு போட்டுத் துடைத்த கூரையில் ஒரு ரப்பர் செருப்பு காய்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் அந்தச் செருப்பை எடுக்கக் கையை நீட்டிவிட்டு, இது இப்போது தன் கார் இல்லை என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார்.

ஈர ஏப்ரனோடு அந்தப் பெண் வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நம்பவில்லை. "வித்த காருக்கு வீடு தேடி வந்து கண்ணாடி போடறவங்களை நான் பார்த்ததே இல்லைண்ணா. ஏதாவது திருப்பிக் கேக்க வந்தீங்களா?"

"இல்லம்மா. வண்டி எப்படி இருக்கு? அதை மட்டும் சொல்லு" என்றார் டாக்டர்.

"வண்டியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. முன்னால ஒரு காரு வெச்சிருந்தேன், உங்களோடது மாதிரி உயரமா. என்கிட்ட வர்ற நாயெல்லாம் வயசானதுங்க. இடுப்பு போனதுங்க. அதுங்களால அதுல எகிறி ஏற முடியலை, ஒவ்வொண்ணா நான் தூக்கணும். இதுல தரை தாழ்வு. அதுங்களே ஏறிப் படுத்துக்குது." அவள் டிக்கியைத் திறந்தாள். சாம்பல் நிறக் கிழட்டு நாய் ஒன்று உள்ளே நீட்டிப் படுத்திருந்தது. வந்தவர்களை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, எழுந்திருக்கிற அளவுக்கு முக்கியமானவர்கள் இல்லை என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.

மனைவி கைத்தடியில் சாய்ந்தபடி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆக, இடுப்பு போன மனுஷிக்கு உயரம், இடுப்பு போன நாய்க்குத் தாழ்வு. இதுக்கா இத்தனை வருஷம் சண்டை போட்டீங்க?"

கண்ணாடி மாட்டும் வேலை மனைவியின் தலைமையில் நடந்தது. கண்ணாடியோடு வாழ்ந்தவள் அவள். ஒரு முக்காலியைப் போட்டு, முழங்கால் இடுப்புக்கு மேலே போகாமல் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போட்டாள். முதலில் பழைய கண்ணாடியை டேப்போடு தள்ளி எடுத்தார்கள். பிறகு புதுக் கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி ரப்பரை மாட்டி, ரப்பரின் பள்ளத்தில் சோப்பு நீரில் நனைத்த கயிறு ஒன்றைச் சுற்றி வைத்தார்கள். சோப்புக்கு அங்கே பஞ்சமில்லை. பேக்கரிக்காரரும் டீச்சரும் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்திப் பிடிக்க, டாக்டர் டிக்கிக்குள் நாயின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, உள்ளிருந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினார். கயிறு வர வர, ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே வந்து கவ்விக்கொண்டது.

"மெதுவா. மூலை வருது, மூலையில அவசரப்பட்டா போச்சு" என்றாள் மனைவி.

"நான் கடைவாய்ப் பல்லே பிடுங்குறவன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"பல்லு போனா வேற பல்லு கட்டலாம். இந்தக் கண்ணாடி போனா பேக்கரிக்காரர் அழுதுடுவாரு. மெதுவா."

கடைசி மூலையும் உட்கார்ந்தது. உள்ளே டாக்டரின் முகமும் நாயின் முகமும் புதுக் கண்ணாடி வழியாகப் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. டாக்டரின் மூக்கில் சோப்பு நுரை. அவர் உடனே வெளியே வரவில்லை. படுத்தபடியே உள் கூரையின் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

வெளியே வந்ததும் அவர் அந்தப் பெண்ணிடம் தனியாக ஏதோ சொன்னார். அவள் ஏப்ரன் பையில் துழாவி, சாவியை எடுத்துப் பேக்கரிக்காரரிடம் நீட்டினாள். "நீங்க ஓட்டணும்னு ஆசைப்பட்டீங்களாம். ஒரு சுத்து போயிட்டு வாங்கண்ணா. கிழவன் உள்ளயே இருக்கட்டும், அவனுக்குக் காத்து வாங்கினா பிடிக்கும்."

பேக்கரிக்காரர் சாவியை வாங்கினார். கையைத் துண்டில் துடைத்துவிட்டுத்தான் கதவைத் தொட்டார். வேகன் மண் பாதையில் இறங்கி, திருப்பத்தில் மறைந்தது. டாக்டர் அது போன திக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"வருத்தமா இருக்கா?"

"ம்." இடுப்பில் கை வைத்து முதுகை நிமிர்த்திக்கொண்டு, "ஆனா திரும்பிப் போறப்ப அதுலதான் போகணும்னா, வேண்டாம்னுதான் சொல்லுவேன். என் முதுகு தாங்காது" என்றார்.

"இதை அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம். எனக்காகத் தியாகம் பண்ணிட்டு, பிடிச்ச மாதிரி நடிக்கிறீங்கன்னு நான் ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கறப்பவும் மனசுக்குள்ள குமைஞ்சேன்."

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். மூக்கில் இருந்த நுரையை அவள் தன் விரலால் துடைத்துவிட்டாள்.

பேக்கரிக்காரர் போனது ஒரு சுற்றுக்கு. திரும்பி வரும்போது இருட்டிக்கொண்டு வந்தது. எங்கே போனார், எத்தனை சுற்று சுற்றினார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, கணக்குத் தீர்ந்துவிட்டது என்று.

அந்த ஞாயிறு தக்காளிக் கார் சந்துக்குள் போகவில்லை. நேராக டைல்ஸ் கடைக்கு வந்து, சிவப்புக் காருக்கும் எறும்புக்கும் நடுவில் நின்றது. மனைவியும் கூட வந்திருந்தாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இருக்கையில் அமர்ந்தபடியே டீ குடித்தாள். அன்று யாரும் டாக்டரைக் கேலி செய்ய வேண்டிய தேவையே வரவில்லை. அவரே ஆரம்பித்துவிட்டார். கிராஸ்ஓவரில் முழங்காலுக்கும் டேஷ்போர்டுக்கும் இடையில் எத்தனை இடம், பக்கக் கண்ணாடியில் எவ்வளவு தூரம் தெரிகிறது, இதை யோசித்தவன் எப்பேர்ப்பட்ட மூளைக்காரன் என்று மூச்சு விடாமல் பேசினார்.

டீச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவியின் பக்கம் குனிந்தார். "ஏம்மா, இவரை வேகனோடயே விட்டிருக்கக் கூடாதா? அதைப் பத்திப் பேசினாலாவது நடுவுல மூச்சு விடுவாரு."

"வாயில பன்னு வெச்சுக்கிட்டுக் கேளுங்க டீச்சர். எதிராளி வாய் அடைச்சிருந்தாத்தான் அவருக்குப் பேச்சே வரும்" என்றாள் அவள்.

பேக்கரிக்காரர் சிரித்துக்கொண்டே பெரிய பன்னாகப் பார்த்து ஒன்றை எடுத்து டாக்டரின் வாய்க்கு நேராகவே நீட்டினார்.